நூலளவு வெந்நீர்

மாமா ஒளு எடுத்துவிட்டுப் போன பிறகு நான் அந்தக் குளியலறைக்குள் போவேன். தரையைத் துடைக்கத்தான் போவது. ஆனால் துடைக்க ஒன்றும் இருக்காது. தொழுகைக்கு முன் கை, வாய், முகம், கால் என்று கழுவி முடிக்க என் கணவருக்கு அரை வாளித் தண்ணீர் வேண்டும், தரை குளமாகிவிடும். அவரைப் பெற்ற என் மாமனாருக்கு ஒரு செம்பு போதும். குழாயின் கைப்பிடி மட்டும் இடது பக்கமாக, கடைசி வரை, வெந்நீருக்குத் திரும்பியிருக்கும். வாஷ்பேசினைத் தொட்டுப் பார்ப்பேன். ஐஸாக இருக்கும்.

வெந்நீர்ப் பக்கம் திருப்பியவருக்கு ஏன் வெந்நீர் வரவில்லை என்று பல நாள் எனக்குப் புரியவில்லை. ஒருநாள் துவைத்த துணிக்கூடையோடு மாடிக்கு வந்தபோது அவர் உள்ளே இருந்தார். குழாய்ச் சத்தமே கேட்கவில்லை. கூர்ந்து கேட்டால் ஊசியில் நூல் கோக்கும் அளவுக்கு ஒரு சின்ன சத்தம். தண்ணீரை வீணாக்கக் கூடாது என்பது மார்க்கம். நாங்கள் எல்லோரும் கேட்டு வளர்ந்ததுதான், கேட்டு மறந்ததும்தான். மாமா மறக்கவில்லை. அவர் போன பிறகு அதே அளவுக்கு நானும் குழாயைத் திறந்து கையை நீட்டிக்கொண்டு நின்றேன். பேஸ்மென்ட்டிலிருந்து மாடி வரைக்கும் குழாயில் குளிர்ந்து கிடக்கும் தண்ணீர் முழுவதும் அந்த நூல் வழியாக வெளியேறினால்தான் பின்னால் வெந்நீர் வரும். ஆறு நிமிஷம் ஆனது. மாமா மூன்று நிமிஷத்தில் ஒளுவை முடித்துவிடுவார்.

அதாவது அந்தக் குளிர்காலம் முழுவதும், ஒரு நாளைக்கு ஐந்து வேளை, அவர் கையும் காலும் பட்டது பச்சைத் தண்ணீர். நியூ ஜெர்ஸியில் ஜனவரி மாதத்துப் பச்சைத் தண்ணீர். அவருடைய விரல் முட்டிகள் வெடித்திருந்ததன் காரணம் அப்போதுதான் தெரிந்தது. எனக்குத் தெரியாமல் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வார். எண்ணெய் பாட்டிலின் மூடியை மட்டும் சரியாக மூடத் தெரியாது. அதனால் எனக்குத் தெரியும்.

மாமி இறந்த பிறகு மாமா திருச்சியில் தனியாக இருந்தார். ஒருநாள் அங்கே வீட்டுக்குள் விழுந்து, அடுத்த நாள் பால்காரர் வந்து கதவைத் தட்டும் வரை எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். அதற்குப் பிறகுதான் என் கணவர் போய் அவரை இங்கே, நாங்கள் இருக்கும் பிஸ்கட்டவேக்குக் கூட்டி வந்தார். மாமா தபால் ஆபீஸில் கடிதம் பிரித்த மனிதர். யாரோடும் அதிகம் பேசத் தேவையில்லாத வேலை. நானும் பன்னிரண்டாவது படித்துவிட்டு, கல்யாணமாகி நேராக இங்கே வந்தவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு வாய் திறக்காது. இப்படி இரண்டு பேர் பகல் முழுவதும் ஒரே வீட்டில் இருந்தோம். "டீ வச்சிருக்கேன் மாமா." "சரிம்மா." ஒரு நாளின் பேச்சு இவ்வளவுதான். ஆனால் அவர் இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. அவர் வந்த பிறகு வீட்டில் பகல் நேரத்தில் யாரோ இருப்பது போல இருந்தது.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது மாமா தன் மகனிடம் சொன்னார். "மார்ச்சு கடைசில எனக்கு டிக்கெட் போட்டுருப்பா. ஊருக்குப் போறேன்."

"ஏன் அத்தா? இங்க என்ன கஷ்டம்?"

"கஷ்டம்லாம் இல்ல. வீடு பூட்டிக் கிடக்குல்ல."

"உங்களுக்குன்னுதான் கீழ ரூம் கட்டிட்டு இருக்கேன். இன்னும் கொஞ்ச நாள்தான், அப்புறம் மாடி ஏற வேணாம்."

"அதுக்கில்லப்பா" என்று மாமா ரசத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

என் கணவர் மாடிப்படிதான் காரணம் என்று முடிவு செய்திருந்தார். அதற்காகவே டைனிங் ரூமை மாமாவுக்குப் படுக்கையறையாக மாற்றி, பக்கத்தில் ஒரு சின்னக் குளியலறையும் கட்டிக்கொண்டிருந்தார்கள். அது வீட்டின் ஒரு கோடி. வெந்நீர் டேங்க் இருந்தது மறு கோடி. குழாய் இன்னும் நீளமாகப் போகிறது என்று நான் மனதுக்குள் அளந்துகொண்டிருந்தேன். வெளியே சொல்லவில்லை. பாத்ரூமுக்குள் மாமனார் என்ன செய்கிறார் என்று ஒரு மருமகள் எப்படிப் பேச ஆரம்பிப்பது? அவரே மகனிடம் சொல்லாததை நான் சொன்னால் அவர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்?

இந்த நேரம் பார்த்துப் பழைய டேங்க் ஒழுகியது. காலையில் பேஸ்மென்ட்டுக்கு அரிசி எடுக்கப் போனவள் காலில் தண்ணீர். பிளம்பர் வந்தார். அறுபதைத் தொடுகிற பெரிய உருவம், இரண்டு முழங்காலிலும் பட்டை. டேங்கைத் தட்டிப் பார்த்தார், பக்கத்தில் இருந்த பாய்லரையும் பார்த்தார். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குவது அந்த பாய்லர்தான். இரண்டுமே வயதானவை, எப்படியும் வீட்டை உடைத்துக்கொண்டிருக்கிறீர்கள், இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள் என்றார்.

பிறகு புதுக் குளியலறையைப் பார்க்க வந்தார். அங்கே கால் கழுவுவதற்கென்று தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் ஒரு குழாயும், உட்கார ஒரு திண்டும் கட்டச் சொல்லியிருந்தோம். பிளம்பர் அந்தக் குழாய்க்கு விட்டிருந்த இடத்தைப் பார்த்து முகம் மலர்ந்து, "நாய் எவ்வளவு பெரிசு?" என்றார்.

என் கணவருக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. எனக்கு அவரைவிட முன்னால் புரிந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். இங்கே நாயைக் குளிப்பாட்ட இப்படித்தான் குழாய் வைப்பார்களாம்.

"நோ, நோ. நாட் டாக். மை ஃபாதர்" என்றார் என் கணவர்.

பிளம்பர் காது வரை சிவந்து நாலு தடவை மன்னிப்புக் கேட்டார். மாமாவிடம் இதை யாரும் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தோம். எங்கள் மகள் சாயங்காலமே சொல்லிவிட்டாள். மாமா சிரித்ததை அன்றுதான் முதல் தடவை பார்த்தேன். தோள் மட்டும் குலுங்கியது, சத்தமே வரவில்லை. சிரிப்பும் அவருக்கு நூலளவுதான்.

அன்றிலிருந்து என் கணவர் லேப்டாப்பில் பாய்லர் பார்க்க ஆரம்பித்தார். ஒரு கம்பெனியில் ஸாஃப்ட்வேர் டெஸ்ட் பண்ணுகிறவர். பால் பாக்கெட் வாங்கினாலும் மூன்று கடை ஒப்பிட்டுப் பார்ப்பார். அவர் மனதில் இருந்தது டேங்க் இல்லாத மாடல். சுவரில் மாட்டுகிற ஒரு பெட்டி, அதுவே பாய்லர், அதுவே வெந்நீர்.

"இதுல ஹாட் வாட்டர் தீரவே தீராது, தெரியுமா? உன் பொண்ணு காலைல அரை மணி நேரம் ஷவர்ல நிக்குறா. டேங்க் காலி ஆயிடுது. அதான் காலைல அத்தாவுக்கு வெந்நி வரல. ப்ராப்ளம் சால்வ்ட்."

மகள் படியிலிருந்தே கத்தினாள். "இட்ஸ் டென் மினிட்ஸ், அத்தா!"

அப்படியென்றால் இவரும் அந்த விரல்களைப் பார்த்திருக்கிறார். அது எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆனால் காரணம் மகள் இல்லை. விடிவதற்கு முன்னால், சுபுஹுத் தொழுகை நேரத்தில் அவள் தூங்கிக்கொண்டிருப்பாள்.

"இன்னொன்னு கேளு" என்று குரலைத் தணித்தார். "டேங்க் போயிட்டா அந்தக் கார்னர் காலி. அங்க உனக்கு அடுப்பு போட்டுடலாம். எக்ஸாஸ்டோட."

இதைக் கேட்டதும் மகளைப் பற்றிச் சொல்ல வந்தது எனக்கு மறந்துபோனது. மீன் பொரித்தால் வீடு முழுக்க மூன்று நாள் வாசம் நிற்கும். குளிர்காலத்தில் ஜன்னல் திறக்க முடியாது. பேஸ்மென்ட்டில் ஒரு இரண்டாம் அடுப்பு வேண்டும் என்று நான் கேட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. ஒரு தடவைதான் கேட்டேன். இவர் மறந்துவிட்டார் என்றே நினைத்திருந்தேன்.

அந்த வாரக் கடைசியில் பக்கத்து ஊர் எடிசனில் ஒரு நண்பர் வீட்டுக்கு விருந்துக்குப் போனோம். அவர்கள் வீட்டில் டேங்க் இல்லாத மாடல்தான் இருக்கிறது என்று இவர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். பிரியாணி சாப்பிட்டுக் கை கழுவப் போனவள் கதவைத் தாழ் போட்டுக்கொண்டேன். குழாயை முழுக்கத் திறந்தேன். சுடச்சுட வந்தது. அப்புறம் மாமா திறக்கும் அளவுக்குக் குறைத்தேன். சூடு மெல்ல இறங்கியது. காத்திருந்தேன். பச்சைத் தண்ணீராகவே ஓடியது. மறுபடி பெரிதாகத் திறந்தேன், சூடு. குறைத்தேன், குளிர்.

வெளியே அந்த வீட்டு அக்கா கதவைத் தட்டினார். "என்னம்மா, ரொம்ப நேரமா தண்ணி தொறக்குற மூடுற சத்தமே கேக்குது. வயிறு சரியில்லையா? பிரியாணியா?"

"இல்லக்கா, நல்லாருக்கேன்."

"வெக்கப்படாத. ஓம வாட்டர் தரவா?"

கொடுத்த ஓமத் தண்ணீரை மறுக்கத் தெரியாமல் குடித்துவிட்டுத்தான் வந்தேன். மாமா பின் சீட்டில் தூங்கிவிட்டார். காரில் இவரிடம் மெதுவாகச் சொன்னேன். நூலளவு குழாய், ஆறு நிமிஷம், ஐஸாக இருக்கும் வாஷ்பேசின், அந்த நண்பர் வீட்டில் நான் பார்த்தது எல்லாவற்றையும் சொன்னேன்.

"இத்தன நாளா அஞ்சு வேளையும் பச்சத் தண்ணிலயா எடுத்துட்டு இருக்காரு?"

"ம்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே." மாமாவைச் சொன்னாரா என்னைச் சொன்னாரா தெரியவில்லை. பிறகு அவரே, "சரி, சிம்பிள். நல்லா தொறந்து விடுங்க அத்தான்னு சொல்லிடுறேன். தண்ணி பில்லு என்ன பெருசா வந்துடப்போகுது" என்றார்.

சொன்னார். மாமா, "சரிப்பா" என்றார்.

பழைய டேங்கைப் பிளம்பர் தற்காலிகமாகச் சரிசெய்து வைத்திருந்தார். மறுநாள் மத்தியானம் லுஹர் தொழுகை நேரத்தில் கீழே கிச்சனில் நின்று கேட்டேன். மேலே குழாய் முழு வேகத்தில் திறந்தது. உடனே மூடியது. திறந்தது. மூடியது. ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்க அவரால் முடியவில்லை; ஒவ்வொரு கை கழுவலுக்கும் நடுவில் அவசரமாகக் குழாயை அடைத்துக்கொண்டிருந்தார். கீழே இறங்கி வந்தபோது சட்டையின் முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் தப்பு செய்தவர் போல டவலால் மூடிக்கொண்டார். பிற்பகலில் அஸர் தொழுகைக்கு மறுபடியும் அந்த ஊசிச் சத்தம். மகன் சொன்னதைக் கேட்கவில்லை என்று வருத்தமும் சேர்ந்துகொண்டதோ என்னவோ, அன்று டீயும் பாதியில் வைத்துவிட்டார். சாயங்காலம் அவர் பெட்டியைக் கட்டிலின் அடியிலிருந்து இழுத்துத் தூசி தட்டுவது கேட்டது. டிக்கெட் ஏற்கெனவே போட்டாகிவிட்டது.

இந்த மனிதர் மாற மாட்டார், மாறவும் வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. இயந்திரத்தைத்தானே வாங்கப் போகிறோம், அதை இவருக்குத் தகுந்தாற்போல வாங்கினால் என்ன?

எதை வாங்குவது என்று கேட்டுக் கையெழுத்து வாங்கப் பிளம்பர் வந்த நாளில், வீட்டிலிருந்தே வேலை பார்த்த என் கணவர் மேலே மீட்டிங்கில் இருந்தார். "டென் மினிட்ஸ்" என்று ஹெட்போனோடு கையைக் காட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். ஹாலில் பிளம்பரும் நானும் மட்டும். மாமா மசூதிக்குப் போயிருந்தார். இப்போது விட்டால் பிறகு இல்லை என்று தோன்றியது. எனக்கு இருக்கும் ஆங்கிலத்தில் இதை எப்படிச் சொல்வது என்று இரண்டு நாளாக மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் போய்விட்டது.

"ப்ளீஸ், கம்" என்றேன். மாடிக் குளியலறைக்கு அழைத்துப் போனேன். குழாயைத் திறந்து, நூலாகக் குறைத்து, ஒளு எடுக்க ஆரம்பித்தேன். மணிக்கட்டு வரை கை, மூன்று தடவை. வாய். மூக்கு. முகம். முழங்கை. ஒரு அந்நிய ஆணின் முன்னால் நனைந்த முகத்தோடு நிற்கிறேன் என்பது பாதியில்தான் உறைத்தது. நிறுத்தவில்லை. முடித்துவிட்டு, சிவந்து போன என் கைகளை அவரிடம் நீட்டினேன்.

"மை ஃபாதர் இன் லா. லிட்டில் வாட்டர். ஆல்வேஸ் லிட்டில். டெய்லி ஃபைவ் டைம். விண்டர். கோல்ட்."

அவர் கையுறையைக் கழற்றி அந்த நூலுக்கு அடியில் விரலை நீட்டினார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு நிதானமாக, எனக்குப் புரிகிற மாதிரி, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். டேங்க் இல்லாத மாடல், தண்ணீர் ஓரளவு வேகமாக ஓடினால்தான் தீ மூட்டும். இவ்வளவு சன்னமாக ஓடினால் அது விழிக்கவே விழிக்காது. டேங்க் வைத்தால் தண்ணீர் எப்போதும் சூடாக இருக்கும், ஆனாலும் குழாய் வழியே வந்து சேர நேரமாகும். அதற்கு ஒரு வழி உண்டு. டேங்கிலிருந்து கீழே கட்டும் புதுக் குளியலறை வரை போய்த் திரும்புவது போல இன்னொரு குழாய் இழுத்து, ஒரு சின்ன பம்ப் வைத்தால், வெந்நீர் சுற்றிக்கொண்டே இருக்கும். திறந்த அந்த நிமிஷமே, சொட்டாகத் திறந்தாலும், சூடாக வரும்.

"சுவரை மூடுவதற்கு முன்னால் சொன்னீர்கள், நல்லதாய்ப் போயிற்று" என்றார். வெளியே வரும்போது, "என் அப்பாவும் இப்படித்தான். குளிர்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை" என்றார். அந்த ஆங்கிலம் எனக்கு முழுக்கப் புரிந்தது.

மீட்டிங் முடிந்து இறங்கிய என் கணவரிடம் பிளம்பரே எல்லாம் சொன்னார். இவர் என்னைப் பார்த்தார். "நீயா பேசுன?"

"பேசல. செஞ்சு காட்டுனேன்."

"இது டேங்க் மாடல்டி. டேங்க் வந்தா கார்னர் போயிடும். அடுப்பு?"

"பரவால்லங்க."

"ஒம்போது வருஷமா கேட்டது."

"எண்ணிட்டு இருந்தீங்களா?" என்றேன். இவர் பேனாவைத் தேடினார். பேனா பாக்கெட்டில்தான் இருந்தது.

பிப்ரவரியில் புது பாய்லரோடு டேங்க் வந்தது. வெள்ளையாக, என் தோள் உயரத்துக்கு, நான் மனதுக்குள் அடுப்பு வைத்துப் பார்த்த அதே மூலையில் குண்டாக வந்து உட்கார்ந்துகொண்டது. முதல் இரண்டு நாள் அதைப் பார்த்தால் கொஞ்சம் கோபமாகத்தான் வந்தது, மறைப்பானேன். மாமா கீழ் அறைக்கு மாறினார். அவருடைய குளியலறையும் என் கிச்சனும் ஒரே சுவர்.

முதல் நாள் சுபுஹுக்கு முன்னாலேயே எழுந்து டீக்குத் தண்ணீர் வைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் கதவு திறந்தது. கைப்பிடி திரும்பும் சத்தம். அந்த ஊசிச் சத்தம். உடனே நின்றுவிட்டது.

தப்பாக இணைத்துவிட்டார்களோ? அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி திறந்தது. இந்தத் தடவை நிற்கவில்லை. வழக்கமான மூன்று நிமிஷம் ஆனது. நாலு, ஐந்து. கால் கழுவும் குழாய் திறந்தது. திண்டில் உட்கார்ந்திருப்பார். இவ்வளவு நேரம் அவர் ஒளு எடுத்து நான் கேட்டதில்லை.

தொழுதுவிட்டு மாமா கிச்சன் வாசலில் வந்து நின்றார். உள்ளே வர மாட்டார். டீயை நீட்டினேன். வாங்கிக்கொண்டவர் அங்கேயே நின்றார்.

"ஏம்மா, இந்த வெந்நி சுத்திக்கிட்டே இருக்குமாமே. மகன் சொன்னான்."

"ஆமா மாமா."

"சும்மாவே ஓடுனா தண்ணி வீணாப் போகாதா?"

"போகாது மாமா. கீழ கொட்டாது. போயிட்டுத் திரும்ப டேங்குக்கே வந்துரும். அதே தண்ணிதான்."

"அதே தண்ணியா?"

"அதே தண்ணிதான்."

அவர் யோசித்தார். "அப்பச் சரி" என்றார். பிறகு டீயைப் பார்த்துக்கொண்டு, "மொதல்ல கை சுட்டுருச்சு. பயந்து மூடிட்டேன்" என்றார். தோள் குலுங்கியது. அதுவரை நாங்கள் ஒரே மூச்சில் பேசியதில் அதுதான் அதிகம்.

நோன்பு தொடங்குவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது சாப்பாட்டுத் தட்டின் முன்னால் மகனிடம் கேட்டார். "அந்த டிக்கெட்ட தள்ளிப் போட முடியுமாப்பா?"

"போடலாம் அத்தா. எப்பத்துக்கு?"

"நோன்பு இங்கயே வச்சுக்குறேன். பெருநாள் போகட்டும். அப்புறம் பாக்கலாம்."

பெருநாளும் வந்து போனது. யாரும் எதுவும் கேட்கவில்லை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பெட்டி இப்போது பேஸ்மென்ட்டில் இருக்கிறது, டேங்குக்குப் பக்கத்தில், மேலே என் அரிசி மூட்டையோடு. மீன் பொரித்தால் வீடு இன்னமும் மூன்று நாள் நாறுகிறது. வஞ்சிரம் பொரிக்கும் நாளில் மாமாதான் முதலில் வந்து உட்காருகிறார்.

அவர் ஒளு எடுத்துவிட்டுப் போன பிறகு இப்போதும் துடைக்கும் துணியோடு நான் போகிறேன். தரையில் இன்னும் ஒரு சொட்டுக்கூட இருப்பதில்லை. கைப்பிடி மட்டும் கடைசி வரை இடது பக்கம் திரும்பியிருப்பதில்லை. கொஞ்சம் நடுவுக்கு வந்திருக்கிறது, சூடு போதும் என்கிறவர் வைக்கிற இடத்தில். வாஷ்பேசினில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு விளக்கை அணைக்கிறேன்.